சி.டி. நார்மல், மோக்கா 19: ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

கேள்வி (உளவியல் மாணவி): வயது 68, எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு வருடமாக மறதி. தமிழ் மோக்காவில் (நினைவு, கவனம், மொழி முதலியவற்றைப் பார்க்கும் 30 மதிப்பெண் தேர்வு) 18, படிப்புக்காக 1 சேர்த்து 19. பிரித்துப் பார்த்தால்: வரைதல் பகுதி 2/5, பெயர் சொல்லுதல் 3/3, கவனம் 5/6, மொழி 1/3, ஒப்புமை 2/2, தாமத நினைவு (முதலில் சொன்ன ஐந்து சொற்களைப் பிறகு நினைவுகூர்தல்) 0/5, இடம்-காலம் 5/6. மூளை சி.டி. ஸ்கேனில் "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று மட்டும் இருக்கிறது. 26க்குக் கீழே வந்துவிட்டதால் டிமென்ஷியா (அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அறிவுத்திறன் குறைவு) என்று எழுதலாமா? எம்ஆர்ஐ கேட்பதென்றால் எதைக் கேட்க வேண்டும்?

நியூரோசைக்காலஜி: எழுதக் கூடாது. 26 என்ற எல்லை 2005-இல் மாண்ட்ரியலில், நன்றாகப் படித்தவர்களை வைத்து வந்தது. எட்டாம் வகுப்பு படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டினால் சரியாகிவிடாது. கனசதுரம் வரைவதும், எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைப்பதும் பள்ளிப்படிப்பையும்தான் அளக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் மோக்கா-பேசிக் என்று தனி வடிவம் இருக்கிறது.

மொழியில் போன மதிப்பெண்ணைத் திரும்பப் பாருங்கள். அதில் ஒன்று, கொடுத்த எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்வதற்கு; ஒரு நிமிடத்தில் 11 சொல் வந்தால்தான் அந்த மதிப்பெண். தமிழில் இது வழுக்கும் இடம். 'ப' என்று சொன்னால் 'பா', 'பி', 'பூ' எல்லாம் சேருமா என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். படி, படித்தான், படிப்பு மூன்றும் ஒரே வேரிலிருந்து வருபவை, ஒன்றாகவே எண்ண வேண்டும். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் சேராது.

கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னபோது ஒரு முள்ளை 10 என்ற எண்ணிலேயே வைத்தாரா? "பதினொன்று பத்து" என்றதும் காதில் விழுந்த எண்ணுக்குக் கை இழுபடுவது நிர்வாகத் திறன் (திட்டமிட்டு, தவறான தூண்டுதலை அடக்கிச் செயல்படும் திறன்) குறைவின் அடையாளம். முள் வைப்பது எதற்கென்றே புரியாமல் இருப்பது வேறு.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த 0/5. மறந்த சொற்களுக்குத் துப்புக் கொடுத்துப் பார்த்தீர்களா?

உளவியல் மாணவி: கொடுத்தேன். வகை சொன்னபோது ஒன்றும் வரவில்லை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது 2 வந்தது. மொத்தத்தில் சேர்க்கவில்லை.

நியூரோசைக்காலஜி: சேர்க்கக் கூடாதுதான். ஆனால் நினைவுக் குறியீட்டுக்கு அதுதான் கச்சாப்பொருள். தானாக வந்த சொல்லுக்கு 3, வகைத் துப்புக்கு 2, தேர்வுக்கு 1; உச்சம் 15. இவருக்கு வருவது 2. துப்புக் கொடுத்ததும் பளிச்சென்று வந்திருந்தால், சேமிப்பு நன்றாக இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல் (மனச்சோர்வு, சிறு ரத்தக்குழாய்ச் சேதம்) என்று நினைக்கலாம். துப்பும் உதவவில்லை என்றால் பதிவே ஆகவில்லை, ஹிப்போகேம்பஸ் (புது நினைவைப் பதியும் மூளைப் பகுதி) பக்கம் சந்தேகம் போகிறது. அதற்கு முன் ஒரு சோதனை: முதலில் இரண்டு முறை சொல்லிக் கேட்டபோது ஐந்தையும் திருப்பிச் சொன்னாரா? காது கேட்காமல் விட்ட சொல்லை மறந்ததாகக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பணம் எண்ணுவது, மாத்திரை எடுப்பது, பஸ்ஸில் தனியாகப் போவது பற்றி வீட்டாரிடம் கேளுங்கள். அது கெடாதவரை டிமென்ஷியா என்ற சொல்லே வராது. பி12, தைராய்டு, மனச்சோர்வு அளவுகோலும் வேண்டும்.

எம்ஆர்ஐ டெக்னீஷியன்: சி.டி. நார்மல் என்பதை "கட்டி இல்லை, பெரிய ரத்தக்கசிவு இல்லை, நீர் தேங்கவில்லை" என்றே படியுங்கள். டெம்போரல் மடலின் (மூளையின் காதோரப் பகுதி) அடிப்பகுதியில் எலும்பு நிழல் விழுவதால் ஹிப்போகேம்பஸ் அதில் சரியாகத் தெரியாது. இரண்டு மூன்று வாரம் பழகிய சப்டியூரல் கசிவும் (மூளை உறைக்கு அடியில் தேங்கும் ரத்தம்) மூளையின் நிறத்திலேயே கலந்து ஏமாற்றும்; விழுந்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியவை: 1 மி.மீ. 3டி டி1, ஃப்ளேர், டி2, எஸ்டபிள்யூஐ, டிஃப்யூஷன் என்ற எம்ஆர்ஐ பட வகைகள். "மூளை எம்ஆர்ஐ" என்று மட்டும் எழுதினால் குறுக்குவெட்டு மட்டுமே வரலாம். ஹிப்போகேம்பஸின் நீள அச்சுக்குச் செங்குத்தாகக் கொரோனல் வெட்டு வேண்டும் என்று எழுதுங்கள். அதில்தான் ஹிப்போகேம்பஸ் பக்கச் சுருக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஷெல்டன்ஸ் அளவு போட முடியும். 75 வயதுக்குக் கீழே 2 என்றாலே அசாதாரணம். வெள்ளைப் பகுதிப் புள்ளிகளுக்கு ஃபசேக்காஸ் என்ற அளவு, 0-3.

மறதிக்காரர் அசைவார், டி1 படத்தில் அலை அலையாக வரும். அதனால் டி1-ஐ முதலில் எடுத்துவிடுவது நல்லது. பேஸ்மேக்கர், அனியூரிசம் கிளிப் (மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட பிடி) பற்றி அவரை மட்டும் நம்பாமல் கூட வந்தவரிடம் கேட்க வேண்டும். பெண்களானால் தாலிக்கயிற்றில் கோத்த ஊக்கைத் தேடிப் பாருங்கள். தங்கத்தைக் கழற்றிவிட்டு அதை மறந்துவிடுவார்கள்.

உளவியல் மாணவி: எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைப் பார்க்கும் எம்ஆர்ஐ) கேட்டால் நேரடியாக நினைவுப் பகுதி தெரியாதா?

எம்ஆர்ஐ டெக்னீஷியன்: தெரியாது. அது பார்ப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை, அதுவும் ஐந்தாறு நொடி தாமதமாக. தனி ஒருவருக்கு நோய் சொல்ல உதவாது. அறுவைக்கு முன் மொழிப்பகுதி எங்கே என்று பார்க்க உதவும். எம்ஆர்ஐக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் எஃப்டிஜி பெட் (மூளை சர்க்கரையைப் பயன்படுத்துவதைக் காட்டும் ஸ்கேன்) உண்டு: நாலைந்து மணி நேரப் பட்டினி, ஊசி போட்டபின் மங்கலான அறையில் அரை மணி அமைதி. ரத்தச் சர்க்கரை 200 தாண்டியிருந்தால் அன்று வேண்டாம், மூளை முழுக்க மங்கலாகத்தான் வரும்.