றிலேக்குத் தமிழ்: ‘ஏவலாளி’யை முன்மொழிகிறேன்

குழுமத்தாருக்கு வணக்கம்.

றிலே (relay) என்பது சின்ன மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை ஓடவும் நிற்கவும் வைக்கிற மின்காந்த சுவிட்சு. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி மூன்று நாட்களாக மடல்கள் வந்து குவிகின்றன. ஒரு றிலேயைக் கழற்றிப் பார்த்ததாக மட்டும் ஒருவரும் எழுதவில்லை. மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் ஒரு தச்சுப் பட்டறைக்கு மின்வேலை செய்கிறவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

‘அஞ்சலி’ என்று முன்மொழிந்த நண்பர் கோபிக்கக் கூடாது. எங்கள் பக்கத்துச் சந்திகளில் மதிலுக்கு மதில் கண்ணீர் அஞ்சலிதான் ஒட்டியிருக்கிறது. மின்பெட்டியைத் திறந்ததும் ‘அஞ்சலி 1’, ‘அஞ்சலி 2’ என்று கண்டால், அதில் கைவைத்துப் போய்ச்சேர்ந்தவர்களின் கணக்கு என்றே நினைப்பார்கள்.

இன்னொரு முன்மொழிவான ‘அஞ்சல்’ அவ்வளவு இலகுவில் தள்ளத்தக்கதல்ல. றிலே என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. நெடுவழியில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரை பூட்டும் ஏற்பாட்டுக்கு அது பெயர். ஜோசப் ஹென்றி 1835இல் இந்தக் கருவியைச் செய்த காலத்திலும், 1844இல் வாஷிங்டனிலிருந்து பால்ரிமோருக்கு மோர்ஸின் தந்தி போன காலத்திலும் தூரம்தான் பெரிய தலைவலி. நெடுந்தொலைவு வந்து மெலிந்த மின்னோட்டம் தன் மிச்ச வலுவால் ஒரு மின்காந்தத்தை இழுக்கும். அந்த இழுப்பு, அங்கே காத்திருக்கும் புது மின்கலத்தின் சுற்றை மூடும். களைத்த குதிரைக்குப் பதில் புதுக் குதிரை. பள்ளி மைதானத்து அஞ்சலோட்டமும் இதே காட்சிதான். ஆனால் எங்கள் வாள் மேசைக்கும் அதன் பொத்தானுக்கும் இடையே மூன்றடிதான். அங்கே யாரும் களைக்கவில்லை.

அங்கே நடப்பது வேறு. வட்டவாளின் மோட்டர் 230 வோல்ற்றில் ஓடுகிறது, இரண்டு குதிரைவலு. ஓடும்போது ஏறத்தாழ 10 அம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அதை ஆட்டிவைக்கும் றிலேயின் மின்காந்தச் சுருளுக்கோ ஓர் அம்பியரில் ஒரு துளி போதும். சின்ன மின்னோட்டம் ஏவுகிறது, பெரிய மின்னோட்டம் ஓடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டவிதானை ஒரு வார்த்தை சொல்வார். மடையைத் திறப்பது வேறொருவர். ஓடுவது குளத்துத் தண்ணீர். விதானையார் சேற்றில் கால் வைப்பதில்லை.

இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ‘ஆளி’ என்று பெயர். பிறர் ஏவ இயங்குகிற ஆளி ‘ஏவலாளி’. தொழிலாளி, படைப்பாளி வரிசையில் தானாக வந்து உட்காருகிறது. புதுச்சொல் என்று யாரும் முகம் சுளிக்க வழியில்லை. வரக்கூடிய ஆட்சேபங்கள் இரண்டுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

> ஏவலாளி என்றால் வேலைக்காரன் அல்லவா? இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெயரா?

என் அப்பப்பா ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரிடம், முல்லைக்காரனாக வயல்வேலை செய்தவர். ஏவப்படுகிறவனின் கூச்சம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ஆனாலும் ‘வா’, ‘போ’ என்பவற்றை ஏவல் வினை என்று பள்ளியில் படித்தபோது யாருக்கும் மானம் போகவில்லை. ஒரு செம்புச் சுருளுக்கும் சுருள்வில்லுக்கும் போகப்போவதில்லை.

> தமிழகத்தில் ஆளி என்றால் ஆளிவிதைதான் நினைவுக்கு வரும்.

வரட்டும். அங்கே ‘ஏவுவிசை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏவலை மட்டும் கைவிடாதீர்கள். பொருள் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

உண்மையான எதிர்ப்பு பட்டறைக்குள்ளிருந்து வந்தது. மந்திரத்தால் வெளியூர்க்காரனைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று மட்டக்களப்புக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. ஏவல் என்றால் ஏவிவிடுகிற சூனியமும்தான். “ஏவல் என்று பெட்டியில் எழுதினால் மரம் அறுக்க ஒருவரும் வரமாட்டார்கள், தம்பி” என்றார் எங்கள் தச்சர், ஓடாவியார். அவரோடு வாதாடும் தகுதியும் எனக்கு இல்லை. காரணம் இதுதான்.

போன வருடம், விலை மலிவு என்று ஒரு சின்ன நீல றிலேயை வாளுக்குப் பொருத்தினேன். அதன் முதுகில் 10 அம்பியர் என்று அச்சிட்டிருந்தது. மோட்டரும் 10 அம்பியர்தானே என்று கணக்குப் போட்டேன். அந்த 10 அம்பியர், சுடுதகடு போன்ற சாதுவான சுமைக்குச் சொன்ன கணக்கு. மோட்டர் கிளம்பும்போது ஐம்பது அம்பியருக்கு மேல் பாயும். அந்த நேரம் பார்த்து, றிலேக்குள் சுற்றை மூடுகிற தொடுமுனைகள் ஒன்றோடொன்று மோதித் துள்ளும். துள்ளும் இடைவெளியில் தீப்பொறி பறக்கும். வெள்ளிக் கலவை முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. ஒட்டியது ஒருநாள் மாலை, பலகை ஒன்று பாதி அறுபட்டிருந்தபோது தெரிந்தது. நிறுத்தினேன், வாள் நிற்கவில்லை. மறுபடி நிறுத்தினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் முதன்மை ஆளியைத் தட்டினேன். “பார்த்தாயா, ஏவிவிட்டது சொன்னபடி திரும்பாது” என்றார் ஓடாவியார். பாயோடு ஒட்டவைக்கிற ஊரில் முனையோடு முனை ஒட்டிவிட்டது.

இப்போது இருப்பது மோட்டருக்கென்றே செய்த பெரிய வகை. அதைக் கடைகளில் ‘கொன்டாக்டர்’ என்று கேட்க வேண்டும். பட்டறையில் வேலை பழகும் எங்கள் பையன் அதை பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் என்று கொஞ்சநாள் நம்பியிருந்தான். ‘பேரேவலாளி’ என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. ‘மோட்டர் ஏவலாளி’ போதும்.

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் தோற்கிறது. மோட்டர் திணறி அளவுக்கு மீறி மின்னை இழுத்தால் நிறுத்துகிற றிலே ஒன்று உண்டு. அதற்குள் ஈருலோகத் தகடு ஒன்று சூட்டில் மெல்ல வளையும். கிளம்பும்போது வருகிற கணநேர வெள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும். திணறல் நீடித்தால் வளைந்து, சுருளுக்குப் போகும் வழியை வெட்டிவிடும். அதை யாரும் ஏவுவதில்லை. தானே பார்த்திருந்து தடுக்கிறது. ஆகவே அது ‘காவலாளி’. இந்தச் சோடி தற்செயலாகக் கிடைத்தது. கிடைத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி என்னை மிகவும் வாட்டிய விடயம். தொடுமுனைகள் சேர்ந்து பிரிகிற தொடுகைகளை ‘இயல்பில் திறந்தது’, ‘இயல்பில் மூடியது’ என்று எழுதுகிறோம். பையன் வவுணதீவுப் பக்கம், வயற்காரக் குடும்பம். அவனுக்கு மடையைத் திறந்தால் தண்ணீர் ஓடும். உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறந்தால் ஊரே நனையும். சுற்றைத் திறந்தால் மின் நிற்கும் என்று நான் சொன்னபோது, எனக்குத்தான் ஏதோ குழப்பம் என்று பார்த்தான். இரண்டு பொத்தான்களையும் மாற்றிப் பூட்டினான். அது அவன் பிழையல்ல.

ஜெர்மன் மொழியில் இவற்றை ஓய்வுத் தொடுகை, வேலைத் தொடுகை என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது. திறப்பும் மூடலும் இல்லாததால் குழப்பமும் இல்லை. நாமும் சுருள் ஓய்ந்திருக்கையில் தொட்டிருப்பதை ‘ஓய்வுத்தொடுகை’ என்றும், ஏவினால் தொடுவதை ‘ஏவுதொடுகை’ என்றும் வைக்கலாம். பொத்தானுக்கும் இதே பெயர் பொருந்தும். அங்கே ஏவுவது விரல். அப்போது கம்பி பூட்டும் முறையைத் தமிழிலேயே சொல்லிவிடலாம்: நிறுத்தும் பொத்தான் ஓய்வுத்தொடுகை, தொடக்கும் பொத்தான் ஏவுதொடுகை, இரண்டும் சுருளோடு தொடராக. தொடக்கும் பொத்தானுக்குக் குறுக்கே ஏவலாளியின் சொந்த ஏவுதொடுகை ஒன்று. விரலை எடுத்த பிறகும் அது தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். காவலாளியின் ஓய்வுத்தொடுகையும் அதே தொடரில் நிற்கும். நிறுத்தும் கம்பி அறுந்தாலும் வாள் நின்றுவிடும்.

இந்தத் ‘தன்பிடி’யின் அருமை 2022இன் மின்வெட்டுக் காலத்தில்தான் விளங்கியது. அப்போது பட்டறையில் சாதாரண ஆளி மட்டுமே இருந்தது. மின் போனபோது அதை நிறுத்த மறந்துவிட்டோம். மணிக்கணக்கு கழித்து மின் வந்ததும், ஒருவரும் தொடாமல் வாள் சுழலத் தொடங்கியது. மேசையில் கை ஒன்றும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். தன்பிடி இருந்திருந்தால் மின் போன நொடியிலேயே பிடி விட்டிருக்கும். மறுபடி பொத்தானை அழுத்தும்வரை அசையாது.

நேற்றுப் பையன் பெட்டியின் மூடியில் மை எழுதுகோலால் ‘ஏவலாளி’, ‘காவலாளி’ என்று எழுதிவிட்டான். காவலாளிக்கு ஓடாவியார் ஆட்சேபம் சொல்லவில்லை. ஏவலாளிக்கு மேலே எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சாறு சுருளில் வடியாமல் பெட்டிக்கு வெளியே கட்டச் சொல்லியிருக்கிறேன்.