பொருள்: 'டிஸ்பிளேஸ்மென்ட் டிராக்கிங்', 'ரிட்டர்னி' – தமிழில் என்ன சொல்லலாம்?

(மார்த்தாண்டத்திலிருந்து)

குழுவினருக்கு வணக்கம். ஈராக், சூடான், தெற்கு சூடான் பற்றிய நிவாரண அறிக்கைகளைத் தமிழாக்கும்போது இந்த இரண்டு சொல்லிலும் வேலை நின்றுவிடுகிறது. முதலாவது, இடம்பெயர்ந்தவர்கள் எத்தனை பேர், எங்கே என்று தொடர்ந்து அறியும் முறை; இரண்டாவது, அப்படிப் போய்த் திரும்பி வந்தவர். முதலாவதற்கு 'இடப்பெயர்வுக் கண்காணிப்பு' அல்லது 'தடமறிதல்', இரண்டாவதற்கு 'தாயகம் திரும்பியோர்' என்று போடலாமா? பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

(நாகர்கோவிலிலிருந்து)

> 'இடப்பெயர்வுக் கண்காணிப்பு' அல்லது 'தடமறிதல்'

இரண்டும் வேண்டாம் தம்பி. நம் மாவட்டத்திலேயே பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே போய்க் 'கண்காணிப்பு' என்றால் உளவு பார்க்கும் கியூ பிரிவு போலீஸ்தான் நினைவுக்கு வரும். கணக்கெடுக்க வருபவரிடம் மக்கள் வாய் திறக்க வேண்டும், பெயரே அதைக் கெடுத்துவிடக் கூடாது.

தடமறிதல் வேறு வேலை. 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் கரைகளில் ஒதுங்கியபோது ஊர்க்காரர்கள் செய்தது தடமறிதல். பெயர், தகப்பனார் பெயர், படகு விவரம் என்று ஒவ்வோர் ஆளாகத் தேடினார்கள். நீங்கள் கேட்கும் முறையில் பெயரே எழுதுவதில்லை.

குடிபெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு (ஐஓஎம்) 2004இல் ஈராக்கில் தொடங்கிய முறை இது. முதலில் ஊர்ப்பட்டியல் ஒன்று தயாரிப்பார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரே குறியீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ஊர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஊராகிவிடும். பிறகு அந்த ஊரில் விவரமறிந்தவர்கள் சிலரைத் தனித்தனியே கேட்பார்கள். நம்மூர் என்றால் அன்பியப் பொறுப்பாளர் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவுக்குப் பொறுப்பானவர்), ஊர் முதலடி (ஊர்த்தலைவர்), அங்கன்வாடி ஊழியர், ரேஷன் கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, எங்கிருந்து, எப்போது வந்தன, திரும்பி வந்த குடும்பங்கள் எத்தனை என்பவை கேள்விகள். பதில்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, முடிந்தால் நேரில் போயும் பார்த்து, குடும்ப எண்ணிக்கையைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஈராக்கில் முகாமுக்கு வெளியே ஒரு குடும்பம் 6 பேர் என்று கணக்கு. சில மாதம் கழித்து இதே ஊர்களில் மறுபடியும் அடுத்த சுற்று.

தவறு வரும் இடங்களும் இதில்தான் இருக்கின்றன. வீட்டைச் செப்பனிட ஆண் ஒருவர் மட்டும் முன்னால் திரும்புவார். ஊரார் அதை ஒரு குடும்பம் என்று சொன்னால் 6 பேர் ஏறிவிடும். அதே குடும்பம் முகாம் கணக்கிலும் நிற்கும். நிவாரணம் வரும் என்றால் எண்ணிக்கை ஊதும், வரி கேட்பார்கள் என்றால் சுருங்கும். சண்டையால் போக முடியாத ஊருக்குப் பழைய சுற்றின் எண்ணையே போடுவதும் உண்டு. படிப்பவருக்கு அங்கே ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும், உண்மையில் அந்த ஊரே காலியாகியிருக்கலாம். இதனால் என் பரிந்துரை 'இடப்பெயர்வுத் தொடர்கணக்கெடுப்பு'.

> 'தாயகம் திரும்பியோர்'

இந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள், கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள், எல்லாரும் ஆவணங்களில் இந்தப் பெயரில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். அந்த வரலாற்றை ஈராக்கியர் மேல் ஏற்றக் கூடாது.

நாடு, ஊர், வீடு என்று மூன்று படி இருக்கிறது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியபின் எல்லை தாண்டித் தெற்கு சூடானின் ரெங்க் நகரத்தில் காத்திருந்த தெற்கு சூடானியர், நாடு திரும்பியவர்கள், ஊர் திரும்பவில்லை. ஈராக்கில் ஒருவர் தன் சொந்த மாவட்ட உட்பிரிவுக்குள் வந்துவிட்டாலே திரும்பியவர் கணக்கில் சேர்வார். வீடு தரைமட்டமாகி உறவினர் திண்ணையில் படுத்தாலும் கணக்கு அதுதான். ஆகவே அங்கே 'ஊர் திரும்பியோர்' சரி. 'வீடு திரும்பியோர்' என்று எழுதினால் மறுவாழ்வே முடிந்துவிட்டதாகப் பொய் சொல்கிறோம்.

(குளச்சலிலிருந்து)

'ஊர் திரும்பியோர்' அருமை, ஐயா. இலங்கை வழக்கிலுள்ள 'மீள்குடியேற்றம்' ஏன் ஒத்துவராது என்பதையும் குறிப்பில் சேர்க்கலாம். அரசோ அமைப்போ கொண்டுபோய்க் குடியேற்றியதாக அது தொனிக்கும். தானாக மூட்டைகட்டித் திரும்பியவரும் இந்தக் கணக்கில் உண்டு.

ஆனால் 'கணக்கெடுப்பு' எனக்கு ஒப்பவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுவீடாக நடப்பது. இது கேட்டறிந்து மதிப்பிடுவது. 'கணிப்பு' என்றால் ஜோசியமும் தேர்தலும் வந்து நிற்கும். 'இடப்பெயர்வுத் தொடர்மதிப்பீடு' என்று வைக்கலாமே?

இன்னொன்று: எல்லைச்சாவடியில் எண்ணுவது தனி. அங்கே எண்ணப்படுவது கடப்புகள், ஆட்கள் அல்ல. ஒரே ஆள் பத்துமுறை கடந்தால் பத்து. அதற்குக் 'கடப்பு எண்ணிக்கை' என்று தனிச்சொல் கொடுத்தால், இரண்டையும் கூட்டிப் போடும் பிழை குறையும்.

(நாகர்கோவிலிலிருந்து)

'தொடர்மதிப்பீடு' என்னுடையதைவிடப் பொருத்தம், ஏற்கிறேன். 'கடப்பு எண்ணிக்கை'யும் பட்டியலில் சேரட்டும். தம்பி, அறிக்கையில் எண் வரும் ஒவ்வோர் இடத்திலும் அது குடும்பமா, ஆளா, கடப்பா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மூலத்தில் அது தெளிவாக இல்லையென்றால் அந்தப் பத்தியை இங்கே அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.