சீரியல் பார்க்கும்போது நடந்த ஒன்று, இன்னும் மனசில் கிடப்பது: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் சொல்லுங்கள்

பாம்பன் பையன்

ராமாயணம் ஓடிய காலம். 1987 ஜனவரியில் தொடங்கி மறு வருஷம் ஜூலை வரை ஞாயிறு காலை எங்கள் தெருவே எங்கள் வீட்டில்தான். பேசுவது இந்தி, ஒருத்தருக்கும் புரியாது. கதை தெரியுமே, அது போதும். நம்ம பக்கத்து ஆன்டெனா சங்கதி உங்களுக்கும் தெரியும்: மேற்கே திருப்பினால் தூர்தர்ஷன், கிழக்கே திருப்பினால் இலங்கை டிவி, ரூபவாஹினி. மாடியில் ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

பாலம் கட்டுகிற வாரம். வானரங்கள் கல்லைத் தூக்கிப் போடுகின்றன. எதிர்வீட்டு அப்பத்தா கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். அடித்த காற்றில் குழாய் என் கையை மீறிச் சுற்றிவிட்டது. கீழே இறங்கி வந்தால் திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் ஏதோ விளம்பரம் செய்கிறாள். அப்பத்தா கூப்பிய கையை இறக்கவே இல்லை. "அதுக்குள்ள இலங்கைக்குப் போயிட்டாகளா?" என்று கேட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்பா அடித்தார், அது பரவாயில்லை. அப்பத்தா அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மண்டபத்துக்காரி

எங்கள் வீட்டில் சாயங்காலம் ரூபவாஹினி நாடகம்தான். 1991 இருக்கும். அகதி முகாமிலிருந்து ஒரு அக்கா தையல் துணி வாங்க வருவார். வவுனியாப் பக்கம். சிங்களம் நன்றாகத் தெரியும். வாசற்படியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டே எங்களுக்குச் சொல்லுவார்: "அவன் வேலைக்குப் போறன் எண்டு சொல்லுறான். தாய் வேண்டாம் எண்டுறா." நாங்கள் டிவியைப் பார்த்ததைவிட அவர் வாயைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒருநாள் ஒரு தாய் குடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வருகிறது, யாரும் இறங்கவில்லை. இன்னொரு பஸ். அப்புறம் ஒரு ஆள் வந்து அவளிடம் நீளமாக ஏதோ சொல்கிறான். அக்கா பேசவில்லை. "என்னக்கா சொல்றான்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றார். கை மட்டும் தைத்துக்கொண்டே இருந்தது. நூல் அறுந்து எவ்வளவு நேரமோ, வெறும் ஊசி போய்ப் போய் வந்தது.

மறுவாரம் வந்து வழக்கம்போலச் சொன்னார். நாங்களும் கேட்கவில்லை. அந்த ஆள் என்னதான் சொன்னான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஜட்கா வீடு

இது பயந்த கதை. மர்மதேசம் விடாது கருப்பு ஓடியபோது நான் எட்டாம் வகுப்பு. வாரம் ஒரு நாள்தான் வரும், அடுத்த வாரம் வரை அந்தக் குதிரைக் குளம்பு காதிலேயே இருக்கும். ஒரு ராத்திரி பார்த்து முடித்து ராமேஸ்வரத்தில் சந்து வழியாக வீட்டுக்கு வருகிறேன், கரண்ட் இல்லை. பின்னால் டக் டக் டக். திரும்பாமல் ஓடினேன். அதுவும் ஓடி வந்தது. வீட்டு வாசலில் விழுந்து கிடந்தபோது முகத்தில் சூடாக மூச்சு விட்டது எங்கள் சொந்தக் குதிரை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறது. தாத்தா சாகும்வரை இதைச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது வாரத்தில் ஆறு நாள் வருவதில் ஒன்றாவது இப்படி ஓடவிடுமா? மாமியார், மருமகள், வில்லி, விஷம் கலந்த பால்.

கீழக்கரை வடக்குத் தெரு

ஜட்கா வீட்டுத் தம்பி, மாமியார் மருமகள் என்று இளப்பமாகச் சொல்லாதீர்கள். ஆண்கள் எல்லாம் கடல் கடந்து போன தெருவில் ராத்திரி துணைக்கு இருந்தது அந்தச் சீரியல்தான்.

சித்தி 1999 கடைசியில் ஆரம்பித்தது. ராத்திரி ஒன்பதரை. துபாயில் அப்போது எட்டு மணி, வாப்பா வேலை முடிந்து போன் பண்ணுகிற நேரமும் அதுதான். உம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்..." கண் டிவியில். ஒருநாள் வாப்பா ஏதோ கேட்டிருக்கிறார், உம்மா "ராதிகா அழுவுறா, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். வாப்பா ஒரு வாரம் போன் பண்ணவில்லை. அந்த வாரம் போன் இருக்கிற அறையிலேயே உம்மா படுத்தார்.

வாப்பா ஊரோடு வந்த பிறகு கோலங்கள் பார்க்க ஆரம்பித்தார். 2003 முதல் 2009 வரை 1,533 பகுதி ஓடியது அல்லவா, வந்தபின் ஒன்று விடவில்லை. உம்மா சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் காட்டுவார், பொறு என்று. அன்றைக்கு உம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

பழைய மெக்கானிக், ராமநாதபுரம்

பாம்பன் தம்பி, ரூபவாஹினி கிழக்கு இல்லை, தென்கிழக்கு. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வந்தது, இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், அதனால்தான் கடல் தாண்டி நமக்குத் துல்லியமாகக் கிடைத்தது. ஞாயிறு காலையில் அதில் விளம்பரம் ஓடியதா என்பதும் எனக்குச் சந்தேகம். நமக்கென்று 323 மீட்டரில் ராமேஸ்வரம் டிவி டவர் வந்தது 1995இல்தான்.

என் கதை சின்னது. மெட்டி ஒலி நேரம், தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் பிக்சர் டியூப் போய்விட்டது. "சத்தமாவது வருமா தம்பி?" என்றார் வீட்டம்மா. வரவைத்தேன். எட்டுப் பேர் இருட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதார்கள். யோசித்தால் ஆச்சரியமில்லை. இந்த வகை நாடகமே அமெரிக்காவில் ரேடியோவில் பிறந்தது, சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்தன. நம் நாட்டில் 1984இல் வந்த ஹம் லோக் என்கிற இந்தி சீரியல் கூட மெக்சிகோக்காரர்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக எடுத்த நாடகங்களைப் பார்த்து எடுத்தது. ஒவ்வொரு பகுதி முடிவிலும் இந்தி நடிகர் அசோக்குமார் வந்து பேசுவார். கதை காதில் விழுந்தால் போதும் என்கிற சாதி இது.

இன்னும் மொட்டைமாடியில் பழைய குழாய் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உப்புக்காத்து இரும்பை அடியிலிருந்து தின்னும், மேலே பளபளவென்றுதான் இருக்கும். டிஷ் மாட்டுகிறவர்கள் அதே குழாயில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், விடாதீர்கள். கேபிள் முனையில் பச்சை பூத்திருந்தால் ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதிதாகச் சொருகுங்கள், டேப் சுற்றி மேலே கிரீஸ் தடவுங்கள். போல்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் முதலில் கம்பியைக் கழற்றுங்கள். எல்.இ.டி டிவியைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்கக் கூடாது, ஒரே வருஷத்தில் போர்டு போய்விடும். பூஸ்டர் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பாம்பன் பையன்

அண்ணே, விளம்பரம் சந்தேகமாக இருக்கலாம். அப்பா அடித்த அடியில் சந்தேகமில்லை.

மண்டபத்துக்காரி

பூஸ்டர் பற்றி யாரும் கேட்கவில்லை அண்ணே. அவ்வளவு விவரம் தெரிந்தவர், அந்த நாடகத்தின் பெயர் தெரியுமா? தாய், குடை, பஸ், அந்த ஆள். எங்கேயாவது கிடைத்தால் சிங்களம் தெரிந்த யாரிடமாவது கொடுத்துக் கேட்டுவிடுவேன்.

பழைய மெக்கானிக், ராமநாதபுரம்

கொழும்பில் கடை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், கேட்கிறேன். குடை என்ன நிறம்?

மண்டபத்துக்காரி

கறுப்பு வெள்ளை டிவி அண்ணே.