பழைய பாலத்தில் மலிவு உணரிகள்: வெப்பநிலையின் விளைவை எப்படிப் பிரிப்பது?

வணக்கம் நண்பர்களே. வயதான கான்கிரீட் பாலம் ஒன்றில் மலிவான முடுக்கமானிகளை (அதிர்வை அளக்கும் உணரிகளை) பொருத்தி, அதன் இயல் அதிர்வெண்ணை, அதாவது பாலம் தானாக விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை, தொடர்ந்து கவனித்து வருகிறோம். விரிசலால் பாலத்தின் விறைப்பு குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும் என்பதுதான் அடிப்படை.

முதலில் எம்பியூ-6050 என்ற மலிவான உணரியை வைத்தோம். லாரி போனால் அலை தெளிவாகத் தெரிகிறது. போக்குவரத்து ஓய்ந்தால் எல்லாம் உணரியின் சொந்த இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. ஏடிஎக்ஸ்எல்355 என்ற இன்னொரு உணரியின் இரைச்சல் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் அதற்கு மாறினோம். விலை கூடுதல்தான், ஆனால் பொருந்தும்.

உண்மையான தலைவலி வெப்பநிலை. பகலுக்கும் இரவுக்கும் இடையிலேயே அதிர்வெண் நகர்கிறது. சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை இடிப்பதற்கு முன் 1997-98இல் கண்காணித்தபோது, உறைகுளிரில் தார்ப்பூச்சு இறுகி அதிர்வெண் கூடியது. பருவம் செய்யும் இந்த மாற்றம் விரிசல் செய்யும் மாற்றத்தையே மறைத்துவிடக்கூடும். வெப்பநிலையின் விளைவைக் கழிக்க, அதையும் அதிர்வெண்ணையும் இணைக்கும் நேர்கோட்டுப் பொருத்தம் போதுமா? வெப்பமானியை மேற்பரப்பில் வைப்பதா, கான்கிரீட்டுக்குள் புதைப்பதா? கான்கிரீட் மெதுவாகச் சூடாவதால் கால தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமோ?

இன்னொன்று, கடிகாரம். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கடிகாரப் படிகம் நாளொன்றுக்கு 1.7 விநாடி விலகும். அதிர்வெண் மட்டும் போதுமென்றால் கவலையில்லை; அதிர்வு வடிவம் (பாலத்தின் எந்தப் பகுதி எவ்வளவு அசைகிறது என்பது) வேண்டுமென்றால் உணரிகள் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நேரத்துக்காக ஜிபிஎஸ் வைக்காமல் இதைச் சமாளித்தவர்கள் உண்டா?

உணரிகளை இணைக்கக் கம்பியிழுக்கும் யோசனை வேண்டாம், இடம் ஒத்துழைக்காது. களத்தில் செய்து பார்த்தவர்கள் பதில் எழுதினால் பேருதவியாக இருக்கும்.