மலைநாட்டில் கண்டதும் வேதத்தில் வாசித்ததும்: அனுபவப் பகிர்வு

ஹட்டனிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நம் ஆலயங்களில் பிரசங்கத்துக்கு நடுவே சொல்லப்படும் கதைகளைக் கவனித்திருப்பீர்கள். புயலில் மாட்டிய கப்பல் தலைவன், பனிமலையில் கயிற்றில் தொங்கியவன், பிச்சைக்காரன் வேஷத்தில் வந்த ராஜா. ஊர் இல்லை, ஆண்டு இல்லை, நடந்ததா என்று கேட்டால் பதிலும் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்கிற பிள்ளைக்குப் பனிமலைக் கயிறு எதற்கு? நாம் நிற்கிற மலையிலேயே வேதம் விளங்குகிற இடங்கள் நிறைய உண்டு. கண்ணால் கண்டதை, அல்லது கண்டவரிடம் நேரே கேட்டதை எழுதுங்கள். ஆட்களின் பேரும் தோட்டத்தின் பேரும் வேண்டாம். முடிவு நன்றாக இல்லாவிட்டால் அதை நன்றாக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

நானே தொடங்குகிறேன். ஞாயிறு பாடசாலையில் மத்தேயு 20ஆம் அதிகாரம், திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம் என்றதும் ஒரு சிறுமி எழும்பி, "அப்போ அந்தத் தோட்டத்துல அரைப்பேர் இல்லையா சேர்?" என்று கேட்டாள்.

மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர் அன்றைக்குக் குறித்த கிலோவை எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். நாள் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றிருந்தாலும் தராசு சொல்வதுதான் கணக்கு. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானி அறிவிப்பு வந்தபோது டவுனில் எல்லோரும் அந்த ஆயிரத்தைப் பற்றியே பேசினார்கள். மலையில் நின்ற பெண்கள் கேட்டது, "எத்தனை கிலோவுக்கு?" என்றுதான்.

அந்தப் பிள்ளையின் அம்மா அரைப்பேரோடு வீட்டுக்கு வருகிற நாள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி. கடைசி நேரத்தில் மனந்திரும்பியவனுக்கும் பரலோகத்தில் இடம் உண்டு என்பதற்குத்தான் இந்த உவமையை நாம் வழக்கமாக எடுப்போம். அதுவும் சரியான விளக்கமே. ஆனால் அவள் காதில் முதலில் விழுந்தது கூலி. அந்த எஜமான், "நீங்கள் பகல் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று கேட்டான். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்றார்கள். வேலை கிடைக்காதவன் வீட்டிலும் அன்று ராத்திரி அடுப்பு எரிய வேண்டும் என்பதை அந்த எஜமான் மறக்கவில்லை. அவளுக்கு, "இல்லை மகள், அந்தத் தோட்டத்தில் அரைப்பேர் இல்லை" என்று பதில் சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

பொகவந்தலாவையிலிருந்து, அம்மா சொல்ல மகள் எழுதுவது

ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே இதை எழுதச் சொன்னார்.

எங்கள் மலையில் வயதான ஒரு பாட்டி இருந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கொழுந்தைக் கிள்ள முடியாத நிலை. ஓய்வு எடுத்தால் வீட்டில் வருமானம் இல்லை, பேரப்பிள்ளைகள் அவர் கையில். நிறுவைக்குப் போகும் வழியில் யாராவது ஒருத்தி அவர் கூடையில் ஒரு பிடி கொழுந்தைப் போட்டுவிட்டுப் போவாள். அடுத்தவள் இன்னொரு பிடி. பாட்டி முன்னால் நடப்பார், கூடை முதுகில், அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் என்றுதான் அம்மா சொல்கிறார். தெரியாததுபோல் இருந்தார், அது அவருடைய மானம். கங்காணியும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

போட்டவர்களில் பாதிக்கு மேல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் சபையார் இரண்டொருவர்தான். பிறகு ஒரு ஜெபக்கூட்டத்தில் ரூத்தின் புத்தகம் வாசிக்கப்பட்டது. ரூத் கதிர் பொறுக்க வந்தபோது, அவளுக்காக அரிகளில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று போவாஸ் தன் ஆட்களுக்குச் சொல்கிறான். அம்மா அப்போதே பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, "நம்ம மலை!" என்றாராம். போவாஸ் நிலத்துச் சொந்தக்காரன், சிந்தவிட அவனுக்கு இருந்தது. எங்கள் பெண்கள் தங்கள் கிலோவிலிருந்து கிள்ளிப் போட்டார்கள். இதையும் கட்டாயம் எழுது என்றார் அம்மா.

தலவாக்கலையிலிருந்து, தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்

யோவான் 15ஐ வைத்து ஒரு விஷயம். "நான் மெய்யான திராட்சச்செடி, என் பிதா திராட்சத்தோட்டக்காரர்" என்பதை மலைநாட்டில் பிரசங்கிக்கிற எல்லோரும் கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு, ஒப்பிடுவார்கள். தேவன் உன்னை வெட்டுகிறார், பொறுத்துக்கொள், துளிர்ப்பாய் என்று முடியும். வாழ்நாளில் பெரும் பகுதியைக் கவ்வாத்து மலையில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பாதி வேலைதான் இருக்கிறது. மிச்சப் பாதியைச் சொல்லாமல் விட்டால் தேவனைப் பற்றித் தவறாகச் சொன்னதாகிவிடும்.

உயர்ந்த மலைப்பகுதியில் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மலையைக் கவ்வாத்து பண்ணுவோம். விட்டால் செடி உயர்ந்து மரமாகும், கொழுந்து குறைந்து, வளர்ச்சி நின்ற வங்கி இலை கூடும். சரி, வெட்டத்தான் வேண்டும். ஆனால் எப்போது? முதலில் சில கிழமைகளுக்குக் கொழுந்து எடுப்பதை நிறுத்தி மலையை ஓய்வில் விடுவோம். இலையில் உண்டாகிற சாப்பாடு வேருக்கு இறங்க வேண்டும், அதற்குத்தான். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகளின் வேரைத் தோண்டி, ஒரு துண்டு வெட்டி, அயடீன் கரைசலைப் போட்டுப் பார்ப்போம். வேரில் மாப்பொருள் இருந்தால் கருநீலமாக நிறம் மாறும். மாறாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது. வெட்டினால் அந்தச் செடிக்குத் திரும்பத் துளிர்க்கச் சத்து இல்லை, செத்துப்போகும். அப்படிப் பலவீனமான செடியை வெட்டியே ஆக வேண்டும் என்றால், ஓரத்தில் இலையோடு இரண்டு மூன்று கொப்பை விட்டுவிட்டு வெட்டுவோம். அந்த இலைதான் மூச்சு. கடும் வெயில் காலத்தில் கவ்வாத்து இல்லை. வெட்டும் வாய் சாய்வாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும், தண்ணீர் தங்கினால் உள்ளே அழுகும். வெட்டிய கொப்புகளை எடுத்து மொட்டைச் செடியின் மேலேயே போட்டு வெயில் சுடாமல் மூடுவோம். தண்டில் படிந்த பாசியைச் சுரண்டி எடுப்போம். இவ்வளவும் செய்தபின் அந்த மலையிலிருந்து மாசக்கணக்கில் ஒரு கொழுந்தும் எதிர்பார்ப்பதில்லை.

திராட்சையை வெட்டுவது கனிக்கு, தேயிலையை வெட்டுவது இலைக்கு. வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சாதாரணத் தோட்ட உத்தியோகத்தன் வேரைப் பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை என்றால், பிதாவானவர் அதைவிடக் கவனமாக இருப்பார் என்று நம்புகிறேன். கஷ்டத்தில் இருக்கிறவரிடம் "தேவன் உங்களைக் கவ்வாத்து பண்ணுகிறார்" என்று சொல்லப் போகிறவர்கள், அந்த ஆளை வெயில் சுடாமல் மூடுவதற்கு ஒரு கொப்பாவது கையில் கொண்டு போங்கள். சாப்பாடு, பஸ் காசு, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு இருத்தல், இப்படி ஏதாவது.

நுவரெலியாவிலிருந்து ஒரு சகோதரி

தலவாக்கலை அண்ணன், நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் மகனை இழந்தபோது அந்தக் கவ்வாத்து வசனத்தைச் சொல்லாதவர்கள் குறைவு. வேரைப் பார்க்காமல் வெட்டப்பட்டது போலத்தான் எனக்கு இருந்தது. இன்னமும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது. உங்களோடு வாதாட இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னதால் எழுதினேன்.

தலவாக்கலையிலிருந்து

அக்கா, உங்களுக்குச் சொல்ல என்னிடம் விளக்கம் இல்லை. மகனை இழந்த இழப்பைக் கவ்வாத்து என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்காக ஜெபிக்கிறோம். வீட்டில் என் மனைவியும் உங்களோடு பேச விரும்புகிறார்.

கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி

அக்கா எழுதியதைப் பார்த்தபின் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீரியபெத்தை மண்சரிவு 2014 அக்டோபர் 29, காலை நேரம். மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டில் இருந்த அப்பா, அம்மா, பாட்டி, கைக்குழந்தை மண்ணுக்குள். தப்பியவர்களைக் கொஸ்லந்தை, பூனாகலை பாடசாலைகளில் தங்கவைத்தார்கள். நாங்கள் சில இளைஞர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு, பாய், போர்வை சேர்த்துக்கொண்டு போய் வந்தோம்.

அங்கே வந்த ஒருவர், நம் மார்க்கத்தார்தான், விக்கிரக வழிபாட்டுக்கு வந்த தண்டனை இது என்று பேசினார். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தகப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வேறொருவர் அன்போடுதான் பேசினார், ஆனால் "உன்னை மட்டும் கர்த்தர் காப்பாற்றினார், உன்மேல் அவருக்கு ஒரு திட்டம் உண்டு" என்று ஒரு சிறுவனிடம் சொன்னார். அந்தப் பையன், "அம்மா மேல இல்லையா?" என்று கேட்டான். முதல் ஆளின் பேச்சைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட பாடமும் பிள்ளையைக் குத்தும் என்று அன்று பார்த்தேன்.

அந்த ஞாயிறு எங்கள் போதகர் லூக்கா 13ஐத் திறந்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொன்னார். அடுத்த வார்த்தை செத்தவர்களைப் பற்றியதே அல்ல. நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார்.

போதகர் அங்கே நிறுத்திவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பிறகும் லயங்கள் அங்கேயே இருந்தன. போக வேறு காணி இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஆகவே மனந்திரும்புதல் என்று இயேசு சொன்னதை மண்ணுக்குள் போனவர்கள்மேல் ஏற்றாமல், உயிரோடு இருக்கிற நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அடுத்த கிழமையே சபையார் சிலர் தங்கள் லயத்துக்குப் பின்னால் மண்திட்டில் வெடிப்பு இருக்கிறதா, தண்ணீர் ஓடும் கான் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுத்தார்கள். எங்களுக்கு இப்போது மழைக்காலத்தில் இது வழக்கம். ஆராதனை முடிந்ததும் யார் வீட்டுப் பக்கம் மண் நகர்கிறது என்று கேட்பார்கள்.

கண்டியிலிருந்து ஒரு அம்மா

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, எங்களை ஒளித்துவைத்தது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நாங்கள் பிள்ளைகள் இருந்தோம். வாசலுக்கு வந்தவர்களிடம் அந்த வீட்டு அம்மா, உள்ளே யாரும் இல்லை என்று சத்தம் போட்டார். நல்ல சமாரியனைப் பற்றிச் சாட்சி சொல்லும்போதெல்லாம் நான் இதைச் சொல்வேன், கேட்கிறவர்களும் கண் கலங்குவார்கள்.

ஆசிரியர் ஐயா நடந்தபடி எழுதச் சொன்னதால் மற்றதையும் எழுதுகிறேன். எங்கள் வீட்டைக் கைகாட்டியவரும் அதே தெருவில் இருந்தவர். அவரிடம்தான் அப்பா நாளாந்தம் பாண் வாங்குவார். லூக்கா 10இல் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் பார்த்தான், லேவியன் பார்த்தான், விலகிப் போனார்கள். அவர்களை விட்டுவிட்டுச் சமாரியனை மட்டும் சொன்னால் கதை இனிமையாக இருக்கும், ஆனால் இயேசு அப்படிச் சொல்லவில்லை. அப்பா கடைசிவரை அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. மன்னித்தாரா என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

ஹட்டனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கொஸ்லந்தைத் தம்பி, வருகிற மாதம் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்துகிறோம். உங்கள் பகிர்வை லூக்கா 13 பாடத்தோடு வாசிக்கலாமா? அந்தச் சிறுவனைப் பற்றிய பகுதி அவனை அடையாளம் காட்டிவிடும் என்று நினைத்தால் சொல்லுங்கள், அதை எடுத்துவிடுகிறோம். கண்டி அம்மா, உங்களுடையதைக் கேட்காமல் எங்கும் வாசிக்கமாட்டேன். பதுளை, மாத்தளைப் பக்கத்திலிருந்து இன்னும் ஒருவரும் எழுதவில்லையே. மரக்கறித் தோட்டம், ரயில்வே, ஆஸ்பத்திரி வேலை செய்கிறவர்களும் எழுதுங்கள். கொழுந்து மலை மட்டும்தான் மலைநாடு என்று ஆகிவிடக் கூடாது.