சோலார் போட வசதியில்லை, வேறு என்ன செய்யலாம்?

திருநெல்வேலிப் பெடியன்:
யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்பு வளவு, ஓட்டு வீடு, கிணறு இருக்கிறது. கரண்டும் தண்ணீரும் வீணாகாமல், குப்பையை எரிக்காமல் வீட்டை நடத்த விருப்பம். 30,000 ரூபாய்க்குள் எதில் கை வைக்கலாம்? மரம் நடச் சொல்லாதேங்கோ, மரம் நிற்கிறது.

கிணற்றடி:
தம்பி, முதலில் மழைத்தண்ணீர். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, மாரியில் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குவதைத்தான் கோடை முழுக்க இறைக்கிறோம், அப்படியிருக்க முற்றம் முழுக்கச் சீமெந்துக்கல் பதித்து மழையை ரோட்டுக்கு அனுப்புகிற சனத்தை என்னவென்று சொல்வது! கூரைக்குப் பீலி போடுங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தாலே ஏறத்தாழ 900 லீற்றர் வரும். முதல் மழை கூரை அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தாங்கியில் பிடியுங்கள். தாங்கி வாயை வலையால் இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. மிஞ்சுவதைக் கல் நிரப்பிய குழிக்குள் விடலாம், மலக்குழிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

கோண்டாவில் அக்கா:
மழையைப் பிடிப்பது சரி, கிணற்றுக்குள் என்ன போகிறது என்பதையும் பாருங்கோ. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத் தண்ணீர் கல்வெடிப்பு வழியே சரியாக வடிபடாமலே உள்ளே இறங்கும். தோட்டத்து யூரியாவும் மலக்குழியும் சேர்ந்துதான் எங்கள் பக்கக் கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பைக் கூட்டியிருக்கின்றன, கொதிக்க வைத்தாலும் அது போகாது, அதனால் கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் ஒருக்கால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். குசினித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடலாம், மண்வெட்டி பிடிக்கிற கூலிதான் செலவு. மரக்கறிக் கழிவையும் சருகையும் ஓட்டை போட்ட பழைய பெயின்ற் வாளியில் மாறி மாறிப் போட்டு மூடிவையுங்கள், பசளை ரெடி. மீன் கழிவு போட்டால் நாய் கிண்டும்.

மீற்றர் பார்ப்பவர்:
குண்டு பல்பு ஏதும் மிச்சமிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். 60 வாற் பல்பின் வெளிச்சத்தை 9 வாற் எல்ஈடி தரும். பிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்தால் றப்பர் போய்விட்டது, அதை மாற்றினால் போதும். அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் ஏறும் என்பதால் மேல் அலகுகளில் கொஞ்சம் குறைத்தாலே பில்லில் தெரியும்.

திருநெல்வேலிப் பெடியன்:
நன்றி. பீலி தகரமா, பிவிசியா?

கிணற்றடி:
பிவிசி. தகரம் கடற்காற்றுக்குக் கறள் கட்டிவிடும். புரட்டாசிக்குள் வேலையை முடியுங்கள், ஐப்பசி பிறந்தால் கூரை வேலைக்கு ஆள் பிடிக்க ஏலாது.