லீல் ஸ்டேடியம்: ஆட்டம் முடிந்து அப்பாவை எப்படி வெளியே கொண்டுவருவது?

பாரிஸிலிருந்து அப்பாவுடன் வட பிரான்ஸில் உள்ள லீல் நகரத்துக்குப் போகிறேன். அடுத்த மாதம் சனிக்கிழமை, இரவு 9 மணி ஆட்டம், பியேர் மோருவா அரங்கம். அப்பாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். கைத்தடியோடு மெதுவாக நடப்பார், ஆனால் நெரிசலில் நிற்க முடியாது. படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்ததற்குப் போவார்.

போவதில் பிரச்சினை இல்லை, சீக்கிரமே போய்விடுவோம். திரும்புவதுதான் சிக்கல். 50,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். மெட்ரோ முதல் லைனில் கடைசி நிறுத்தமான காத்ர் காந்தோன், அதற்கு முந்தைய சித்தே சியாந்திஃபிக், இரண்டுக்குமே நல்ல தூரம் நடக்க வேண்டும். ரயில் பெட்டிகளும் சின்னவை.

இதுவரை பார்த்தது: மேல்தள டிக்கெட்டைக் கீழ்வரிசைக்கு மாற்றிவிட்டேன். அரங்கத்துக்குப் பக்கத்து ஹோட்டல்களில் அன்றைக்கு அறை இல்லை, அதனால் லீல் ஃபிளாந்த்ர் ரயில் நிலையம் அருகே எடுத்திருக்கிறேன். டாக்சிக்காரர் ஒருவரிடம் பேசினேன், ஆட்டம் முடியும் நேரத்தில் அந்தப் பக்கமே வர மாட்டாராம். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பலாம் என்றால் அப்பா சம்மதிக்கவில்லை. மூடித் திறக்கும் கூரை, பாதி மைதானம் மேலே எழும்பி மறுபாதி மேல் நகரும் அமைப்பு என்று அரங்கம் 2012இல் திறந்ததிலிருந்து படித்துவைத்திருக்கிறார். விசில் ஊதும்வரை உட்காருவாராம், சரி.

அங்கே இரவு ஆட்டம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: உள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மெட்ரோ பிடிப்பதானால், எந்த நிறுத்தத்துக்கு நடப்பது முழங்கால் வலிக்காரருக்கு எளிது?